பழைய வீடும் புதிய அடுப்பங்கரையும்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நிற்கும் பெரிய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களில் அநேகர் முகப்போடு நின்றுவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் படமும் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வளவைக் கடந்து, இரண்டாங் கட்டையும் கடந்து, கடைசிக் கட்டிலுள்ள அடுப்படி வரையில் போய் அண்ணாந்து பார்க்கிறவர்கள் வெகு சிலர். பார்த்தால், உத்தரமெல்லாம் புகையேறிக் கன்னங்கரேலென்று இருக்கக் காணலாம். முகப்பிலே உலகத்துச் சாமான்களெல்லாம் வந்து குவிந்திருக்க, அடுப்படியிலே மட்டும் உள்ளூர் மண்ணும் கல்லும் விறகும்தான் இருந்தன.

இந்த ஊர்களை 2014-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, பூட்டிக் கிடந்த வீடுகள் பலவற்றைத் திறந்து செப்பனிடும் ஆசையும் பரவியிருக்கிறது. சிலர் ஹோட்டலாக்குகிறார்கள், சிலர் தாங்களே குடியிருக்க விரும்புகிறார்கள். அப்படி விரும்புகிறவர்கள் முகப்பைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. அங்கே இருப்பதைத் துடைத்து மெருகேற்றினால் போதும். அவர்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டே இரண்டு அறைகள்: சமையலறை, குளியலறை. "இன்று பணத்தைக் கொட்டிக் கட்டுகிறோம்; பத்து வருஷம் கழித்து இது பார்க்கச் சகிக்காமல் போய்விடாதா?" என்பதே அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் 1970-களில் குளியலறைத் தொட்டி முதல் கழிப்பிடப் பீங்கான் வரை எல்லாவற்றையும் ஒரு மங்கிய பச்சை நிறத்தில் பொருத்தினார்கள். நம் மலைப்பகுதிகளில் வெண்ணெய்ப் பழம் என்று விற்கிறார்களே, அந்த நிறம். சில வருஷங்களுக்கெல்லாம் அது பரிகாசத்துக்கு இடமாகி, வீடு வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைப் பெயர்த்து எறிந்தார்கள். அந்தத் தொட்டிகளில் உடைந்து போனவை எத்தனை? தண்ணீர் நிற்காதவை எத்தனை? பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. நிறம்தான் கிழடாகிவிட்டது! நம் ஊரிலும், பளபளக்கும் சிவப்பு அலமாரிக் கதவுகள், திராட்சைக் குலையும் தேநீர்க் கோப்பையும் அச்சிட்ட சுவர் டைல்கள் ஆகியவை எந்த வருஷத்தில் வாங்கியவை என்பதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம்.

இதற்குப் பயந்து நேர்மாறான வழியில் போகிறவர்களும் உண்டு. "பழைய வீடு, ஆகையால் எல்லாம் பழையதாகவே தோன்ற வேண்டும்" என்று குளியலறையில் சிற்பத் தூண் நிறுத்துகிறார்கள், சிங்கக் கால் வைத்த சீமைத் தொட்டி ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் எந்த ஆச்சி அப்படிப்பட்ட தொட்டியில் படுத்துக் குளித்தார்கள்? கிணற்றடியில், கருங்கல்லின்மேல், அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். பழைய வீட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் அலங்கார பாணி என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. இல்லாத பாணியை எங்கிருந்து நகல் எடுப்பது? அந்த இடங்களில் இருந்தவை வேலையும், வேலைக்குத் தகுந்த வசதியும்தான். ஆகையால் பாணியைத் தேடி அலைவதைவிட, அங்கே நடக்கும் வேலை என்ன என்று பார்ப்பதே சரியான வழி என்பது நம் அபிப்பிராயம்.

அடுப்படியை எடுத்துக்கொள்வோம். இன்று கடைகளில் கிடைக்கும் அலமாரி பொருத்திய சமையலறைக்கு மூலம் ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் நகரம். அங்கே கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-ல் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அதை வகுத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அதற்குள் ஒரு ஸ்திரீ எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு, நடையைக் குறைக்க வழி செய்தார். மிகவும் மெச்சத் தக்க காரியம். ஆனால் அது சிறு வீட்டுக்கென்று பிறந்த யோசனை. நம்முடைய சமையலோ ஈரமான சமையல். அரிசி களைகிறோம், கீரை அலசுகிறோம், மாவு அரைக்கிறோம், வேலை முடிந்ததும் தரையைக் கழுவித் தள்ளுகிறோம். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை அலமாரியைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, அதன் காலடியில் தினம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஊதி உப்பிக் கதவு மூடாமல் போகும். அப்புறம் "நாகரிகம் மாறிவிட்டது" என்று சொல்லி வேறு வாங்குகிறோம். உண்மையில் மாறியது நாகரிகமல்ல, பலகைதான்!

இதற்குப் பழைய வீடே ஒரு வழி காட்டுகிறது. செங்கல் கட்டின்மேல் கடப்பைக் கல் தட்டுகள். வேண்டுமானால் முன்னால் தேக்குக் கதவு. இந்தத் தட்டுகளை ஐம்பது வருஷத்துக்கு ஒருவரும் அசைக்க வேண்டியதில்லை. மேடைக்கு மட்டும் கடப்பைக் கல் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது. எலுமிச்சையும் புளியும் பட்டால் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். மேடைக்குக் கருங்கல்தான் உத்தமம். மெருகு அதிகம் வேண்டாதவர்கள் மங்கலாக இழைத்த கல்லைக் கேட்டு வாங்கலாம்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன்மேல் உள்ள மோகம் இப்போது எல்லை மீறியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வர்ணம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, பிறகு மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்புத்தான் அதன் முகத்தில் இறங்குகிறது. காலடி படப்பட மெருகேறும் அற்புதமான கல். ஆனால் சுடாத கல் என்பதை மறக்கக்கூடாது. மஞ்சள் கறை பிடிக்கும், புளிப்பு அரிக்கும், கக்கூசு கழுவும் திராவகத்தை ஊற்றினால் பூவும் போகும், கொடியும் போகும். அன்றியும் வழவழப்பான தரையில் சோப்புத் தண்ணீர் சேர்ந்தால் விழுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கூடத்திலும், குளியலறைக்கு வெளியே உடை மாற்றும் இடத்திலும் அதைத் தாராளமாகப் போடலாம். தண்ணீர் ஊற்றும் இடத்தில் சொரசொரப்பான கருங்கல்லே தகும்.

குளியலறை விஷயத்தில் அழகைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த வீடுகளில் பலவற்றில் இன்று குடியிருப்பவர்கள் வயதான தாயார் தகப்பனார்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கழிப்பிடமோ கொல்லைக் கோடியில். மழைக்கால இராத்திரியில் எழுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் முற்றத்தைச் சுற்றி, மூன்று நிலைப்படிகளைத் தாண்டி, பாசி பிடித்த கல்லின்மேல் நடந்து அங்கே போய்வர வேண்டும். பழமையைக் காப்பாற்றுகிறோம் என்று இதையும் காப்பாற்றலாமா? பழைய ஊர்களில் கொல்லைக் கழிப்பிடத்துக்குப் பின் சந்தில் ஒரு சிறு கதவு வைத்து, மனிதரை விட்டு அள்ளச் செய்த வழக்கமும் இருந்தது. காந்தி மகான் அதைக் கண்டித்து ஆயுள் முழுவதும் பேசினார். 1993-லும் 2013-லும் சட்டங்கள் அதைத் தடை செய்தன. பழைய வீட்டில் அப்படிப்பட்ட கதவு இருந்தால், தயங்காமல் செங்கல் வைத்து அடைத்துவிடலாம். அடுப்படிப் புகையும் அதே ஜாதிதான். கரி படிந்த உத்தரம் படத்துக்கு அழகாயிருக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் கண்ணையும் மார்பையும் படம் பிடித்தவர் யார்?

ஆகவே படுக்கை அறைக்குப் பக்கத்திலேயே ஒரு குளியலறை அவசியம். எங்கே கட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம். பழைய மாடித் தளம் பெரும்பாலும் மரச் சட்டங்களின்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட 'மெட்ராஸ் டெரஸ்' வகை. அதன்மேல் குளியலறை கட்டினால், கண்ணுக்குத் தெரியாத கசிவு சட்டத்தின் தலைப்பில் போய்ச் சேரும். மரம் உளுத்தபின்தான் தெரியவரும். சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாயைப் புதைத்து மேலே சிமெண்டு பூசுவதும் கேடுதான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அடுப்படியும் குளியலறையும் முதுகோடு முதுகாகப் பின்கட்டில் அமைந்து, இரண்டுக்கும் நடுவே குழாய்கள் ஓட ஒரு குறுகிய சந்து இருந்தால், வீட்டின் மற்றப் பகுதிக்கு ஆபத்தில்லை. தரைச் சரிவு பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று இருக்கட்டும். அதை மறைக்க வேண்டுவதில்லை. இப்போதே பொருத்திவிட்டால், பின்னால் யாராவது விழுந்த பிறகு பொருத்த நேராது.

குழாய்த் திருகு வாங்கும்போது கடைக்காரர் பல தினுசு காட்டுவார். சுவருக்குள் மறைந்து, ஒரே கைப்பிடியில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் யந்திரங்கள் பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கின்றன. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதன் உள்பாகம் பழுதானால் பதினைந்து வருஷம் கழித்துக் கிடைக்குமா?" முகம் சற்று மாறினால், பித்தளைத் திருகுக் குழாயை வாங்கிக்கொண்டு வரலாம். அதற்கு வேண்டிய வாஷர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழைய பாணியாகிவிட்டது என்று நாம் தள்ளும் சாமான்களில் பாதி, உதிரி பாகம் கிடைக்காமல் தள்ளப்பட்டவைதானே?

வர்ணத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வீட்டிலேயே இருக்கும் நிறங்கள் போதும்: சுண்ணாம்பு வெள்ளை, காவித் தரையின் சிவப்பு, தேக்கு, கருங்கல். புது மோஸ்தர் மேல் ஆசை தீராதவர்கள் அதைத் திரைச்சீலையிலும் விளக்கிலும் காட்டிக்கொள்ளட்டும். அவற்றை ஒரு பகற்பொழுதில் மாற்றிவிடலாம். சுவரில் ஒட்டிய டைலை மாற்றச் சம்மட்டி வேண்டும்.

கல் வாங்குகிறவர்கள் கணக்குக்குமேல் இருபது முப்பது வாங்கிப் பரணில் போட்டு வைப்பது நல்லது. கைவேலைக் கல்லில் அடுத்த தடவை அதே சாயல் வராது. குழாய்களை மூடிப் பூசுவதற்கு முன்னால், எது எங்கே ஓடுகிறது என்று அளவோடு ஒரு படம் வரைந்து, தேதியும் கொத்தனார் பெயரும் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.