பொறி அறியும் அடையாளம்

ஒரு பொருளைப் பிற பொருள்களினின்றும் பிரித்தறியத் துணையாவது அதன் சிறப்பியல்பு. அதனை இலக்கணம் என்பர் தருக்க நூலார். இலக்கணம் பிழைபடின் அறிவும் பிழைபடும். இவ்வுண்மை மக்களுக்கேயன்றி, மக்கள் ஆக்கிய கணிப்பொறிக்கும் பொருந்தும்.

வங்கி ஒன்றின் வலைப்பக்கத்தில் 'பணம் அனுப்புக' என்னும் பொத்தான் உளது எனக் கொள்வோம். மென்பொருளைத் திருத்துந்தோறும் அப்பொத்தான் செவ்வனே இயங்குகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களை நாள்தோறும் மனிதரே சோதித்தல் அரிது. ஆதலின் அப்பணியைப் பொறியிடமே ஒப்புவிக்கின்றனர். 2004ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் தொடங்கிய செலினியம் என்னும் கருவி இதற்கு உதவுவது. அஃது உலாவியை இயக்கி, எழுத்துகளை இட்டு, பொத்தான்களை அழுத்தும்.

மனிதன் பொத்தானைக் கண்ணால் காண்கின்றான். நிறமும் இடமும் மாறினும் மயங்கான். செலினியமோ, பக்கத்தை அமைத்த எச்டிஎம்எல் குறிப்பினுள், தனக்குச் சொல்லப்பட்ட அடையாளத்தையே தேடுகின்றது. அடையாளம் தவறின், திரையில் தோன்றும் பொத்தானும் அதற்கு இல்லாததே ஆகும்.

தவறு யாதென ஆராய்வார்க்கு, இலக்கணத்திற்குத் தருக்க நூலார் கூறும் மூன்று குற்றங்கள் வழிகாட்டும். 'கருநிறம் உடையது பசு' எனின், வெள்ளைப் பசு விடுபடும், இஃது அவ்வியாத்தி. 'கொம்புடையது பசு' எனின், ஆடும் பசுவாய்விடும், இஃது அதிவியாத்தி. 'பிளவுபடாத குளம்புடையது பசு' எனின், எப்பசுவும் அகப்படாது, இஃது அசம்பவம்.

பொத்தானின்மேல் எழுதிய சொல்லையே அடையாளமாகக் கொண்டால், பக்கம் வேறொரு மொழியில் தோன்றும்போது அது விடுபடும். இது முதற்குற்றம். 'பொத்தான்' என்று மட்டும் கூறினால் பல பொருந்தும். ஒன்றைத் தேடுமாறு பணிக்கப்பட்ட செலினியம் முதலாவதை எடுத்துக்கொள்ளும். அது 'நீக்குக' என்னும் பொத்தானாகவும் இருத்தல் கூடும். இஃது இரண்டாவது. சில பக்கங்கள் திறக்குந்தோறும் தம் பொத்தான்களுக்குப் புதிய அடையாள எண்களை வகுக்கும். நேற்றைய எண்ணை இன்று தேடினால் யாதும் கிட்டாது. இது மூன்றாவது.

அடையாளம் செவ்விதாயினும் பொத்தான் அகப்படாமை உண்டு. பக்கம் முழுதும் வந்து சேராதிருக்கலாம். பொத்தான் உட்சட்டகம் ஒன்றினுள் இருக்கலாம். அறிவிப்பு ஏதேனும் அதனை மறைத்து, அழுத்தவொட்டாமல் தடுக்கலாம். வராததற்குக் காத்திருத்தலும், சட்டகத்தினுள் புகுதலும், அறிவிப்பை விலக்குதலும் முறையே தீர்வுகளாம். காத்திருக்குங்கால், குறித்த நொடிகள் வாளா நிற்பதினும், ஓர் எல்லைக்குள் பொருள் தோன்றுமளவும் நோக்கியிருத்தலே சிறந்தது.

இவற்றை ஆராயாது, தோற்ற சோதனையை நீக்கிவிடுவோரும் உளர். அது தகாது. பொத்தான் மெய்யாகவே மறைந்திருப்பின், அது மென்பொருளின் பிழையன்றோ? அதனைக் காட்டுதற்கன்றோ சோதனை ஏற்பட்டது? அங்ஙனமே, அடையாளப் பிழையால் ஓயாது தோற்கும் சோதனையை வாளா விடுதலும் தகாது. காரணமின்றி அடிக்கும் மணியை ஊரார் நாளடைவில் பொருட்படுத்தார். தீப்பற்றிய நாளிலும் அசையாதிருப்பர்.

மூன்று குற்றங்களுள்ளும் இரண்டாவதே கொடியது. ஏனைய இரண்டும் 'பொருள் இல்லை' என்று அறிவித்து நிற்கும். இதுவோ, வேறொன்றைப் பற்றிக்கொண்டு, வென்றதாகவும் காட்டக்கூடும். அதனை நம்பி மென்பொருளை வெளியிட்டால், அல்லலுறுவோர் பணம் அனுப்ப வந்த மக்களே ஆவர்.

'அலைதாடி உடையது பசு' என்பதே குற்றமற்ற இலக்கணம் என்பர் தருக்க நூலார். நிறம் வேறுபடினும் அலைதாடி நீங்காது. அதுபோல, மென்பொருளை ஆக்குவோர், ஆக்கும்பொழுதே ஒவ்வொரு பொத்தானுக்கும் பிறிதொன்றற்கு இல்லாததும் என்றும் மாறாததுமாகிய அடையாளம் ஒன்றை அளித்தல் வேண்டும். பொறிக்கு விரைவு உண்டு. தேர்ந்து தெளியும் அறிவை மனிதனே அதற்கு வழங்குதல் வேண்டும்.