கடைசியாக வரும் பல்

பந்தியில் கடைசியாக வருபவருக்கு இடம் கிடைப்பது அரிது. வாயிலும் அப்படித்தான். ஏனைய பற்கள் எல்லாம் வந்தமர்ந்த பின்னர், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், கொடுப்பின் கோடியில் முளைப்பது ஞானப்பல். தாடையில் இடம் போதாவிட்டால் அது நேராக எழாமல் முன்னால் நிற்கும் பல்லின்மேல் சாய்ந்து, முரசுக்குள் பாதி புதைந்து நின்றுவிடும்.

பாதி முளைத்த பல்லே அதிகம் தொல்லை தருவது. அதை மூடிய முரசுத் தோலுக்கடியில் சோற்றுப்பருக்கை சிக்கும். பிரஷ் அங்கு எட்டாது. கிருமி பெருகி முரசு வீங்கும். அண்மையில் ஓர் இளைஞர் கன்னத்தைச் சால்வையால் கட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார். கூகைக்கட்டு என்று எண்ணி வீட்டார் வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தனர். நான்கு நாட்களாகக் கஞ்சிதான். வாய் ஒரு விரலளவுக்கு மேல் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கீழ் ஞானப்பல்!

இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளித்தால் நோவு சற்றுத் தணியும். அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்க வேண்டாம், சதை வெந்துவிடும். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், விடியும்வரை காத்திராதீர்கள். மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஞானப்பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டுமா? இல்லை. நோயில்லாத ஞானப்பல்லை அகற்ற வேண்டாம் என 2000ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய அரச சுகாதார சேவைக்கு வழிகாட்டல் வழங்கப்பட்டது. முரசு திரும்பத் திரும்ப வீங்கினாலோ, பக்கத்துப் பல் சூத்தையானாலோதான் பெரும்பாலும் அகற்றுவார்கள். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதன் வேருக்கு அருகே ஓடுவதால் முதலில் எக்ஸ்றே எடுப்பார்கள். பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை.

இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள், நீரிழிவு, இருதய நோய், இரத்தம் உறையாதிருக்கும் மருந்து பற்றி வைத்தியரிடம் வாயால் சொல்லியாக வேண்டும்.

பிடுங்கிய குழியில் உறையும் இரத்தக்கட்டியே காயத்துக்கு மூடி. முதல் நாள் கொப்பளிக்கவோ பலமாகத் துப்பவோ கூடாது. சுருட்டும் வெற்றிலையும் சில நாட்களுக்கு வேண்டாம். வெற்றிலைப் பிரியர்களுக்கு இதுவே பெரிய தண்டனை! கட்டி கழன்றால் மூன்றாம் நாளளவில் காதுவரை குத்தும் நோவு எழும். அப்போது பெனடோலோடு இருந்துவிடாமல் பல் வைத்தியரிடம் மீண்டும் செல்லுங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார்.