இரண்டு சாவிகள்

"நெல்லு பூரா சாவியாப் போச்சு" என்று திருநெல்வேலிப் பக்கத்துத் தாத்தா போனில் சொன்னார். மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்த பேரன், "எந்தச் சாவி தாத்தா? வீட்டுச் சாவியா?" என்று கேட்டான்.

தாத்தா சொன்ன சாவி, 'சா' என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்தது. கதிர் வந்தும் பால் பிடிக்காமல், உள்ளே அரிசியில்லாமல் வெறும் உமியாக நிற்கும் பயிர். பேரனுக்குத் தெரிந்த சாவியோ கப்பலேறி வந்தது.

தாராவிச் சந்தில் வேலைக்குக் கிளம்பும் பெண் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். அங்கே இருப்பவர் மராத்திக்காரரானாலும் குஜராத்திக்காரரானாலும் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம். இருவருக்கும் அது சாவிதான். இந்தியில் சாபி. எல்லாவற்றுக்கும் மூலம் போர்ச்சுகீசிய 'சாவே'; அதற்கும் மூலம் லத்தீன் 'கிளாவிஸ்'. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். பம்பாய்த் தீவுகள் 1534இல் அவர்கள் கைக்கு வந்தன. 1661இல் போர்ச்சுகீசிய இளவரசி கேத்தரினின் சீதனமாக ஆங்கிலேய அரசருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. கிழக்கே சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் போர்ச்சுகீசிய வணிகர்கள் இருந்தார்கள். ஜன்னலும் அலமாரியும் அவர்களோடு வந்த சொற்கள்தாம்.

பூட்டும் திறப்பும் நமக்கு அதற்கு முன்பே உண்டு. திறவுகோல், தாழ்க்கோல் என்றோம்; மலையாளிகள் இன்றும் தாக்கோல் என்கிறார்கள். எனக்குப் பெரிய வியப்பு யாழ்ப்பாணம்தான். போர்ச்சுகீசியர் ஆண்ட மண் அது. நாற்காலியைக் கதிரை என்றும் ஷூவைச் சப்பாத்து என்றும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டவர்கள், சாவியை மட்டும் 'திறப்பு' என்று அழகான தமிழிலேயே சொல்கிறார்கள்.

வந்த சொல்லை நாம் சும்மா வைத்திருக்கவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தோம், பொம்மைக்குக் கொடுத்தோம், ஒருவனைத் தூண்டிவிட்டாலும் "யாரோ சாவி குடுத்துவிட்டிருக்கான்" என்கிறோம்.

சாவி தொலைந்தால் தெருவோரச் சாவிக்காரரிடம்தான் போகவேண்டும். பல் வெட்டாத பித்தளைச் சாவியைப் பூட்டுக்குள் விட்டு, இடுக்கியால் பிடித்து அழுத்தித் திருப்புவார். அது திரும்பாது. ஆனால் உள்ளேயிருக்கும் பின்கள் பித்தளையில் ஊசிமுனை அளவு தடம் பதித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தடம் விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே விடுவார், மறுபடி ராவுவார். தடம் விழுவது நின்ற இடத்தில் ராவுவதை நிறுத்திவிடுவார். எல்லாப் பின்களும் சரியான உயரத்துக்கு வந்ததும் பூட்டு 'டக்'கென்று திறந்துகொள்ளும்.