பனிக்கு வண்ணம் இல்லை: கவாசே ஹசுயியின் குளிர்காலப் பயணங்களும் அச்சோவியங்களும்

வெண்பனியை எந்த வண்ணம் கொண்டு அச்சிடுவது? ஜப்பானிய மரப்பலகை அச்சுக் கலைஞர்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடை எளிமையானது. அவர்கள் வெண்பனியை அச்சிடுவதில்லை. அதனைச் சூழ்ந்துள்ள அனைத்தையும் அச்சிடுகின்றனர். வானின் சாம்பல் நிறம், ஆற்றின் கருநீலம், வாயிலின் செம்மை ஆகியவை ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுகின்றன. எதுவும் ஏறாத இடத்தில், தாளின் இயல்பான வெண்மையே கூரை மீதும் கிளைகள் மீதும் பனியாகப் படிந்துவிடுகிறது.

இக்கலையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் வெண்பனியை மிகுதியாகவும் மிகச் சிறப்பாகவும் காட்டியவர்களுள் ஒருவர் கவாசே ஹசுயி (1883–1957). அவர் விட்டுச் சென்ற அச்சோவியங்கள் அறுநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை மழை, நிலவொளி, அந்தி, வெண்பனி ஆகியவற்றில் தோய்ந்த ஜப்பானிய நிலக்காட்சிகளாகும். ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அவர் கைக்கொண்ட முறை ஒன்றுதான். ஊர் ஊராகச் சென்று நேரில் காண்பது, அங்கேயே ஏட்டில் வரைந்து கொள்வது, திரும்பி வந்து அதனை அச்சாக்குவது. இம்முறைக்கு ஆதாரமாயிருந்த ஏடுகள் அனைத்தும் 1923ஆம் ஆண்டில் ஒரே நாளில் அழிந்தன. அதன் பின்னர் அவர் மேற்கொண்ட ஒரு குளிர்காலப் பயணம், திறந்தவெளிக் கோட்டோவியத்துக்கும் அச்சுக்கலைக்கும் உள்ள உறவை வேறெதனையும் விடத் தெளிவாக நமக்கு விளக்குகிறது.

வணிகர் மகன் ஓவியரான வரலாறு

ஹசுயி தோக்கியோ நகரின் ஷிபா பகுதியில் பிறந்தார். குடும்பத் தொழில் நூல், பின்னற் கயிறு வணிகம். மூத்த மகனாகிய அவர் கடையைக் கவனிக்க வேண்டும் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. இளமையிலேயே ஓவிய நாட்டம் இருந்தும், குடும்ப வணிகம் நொடித்த பின்னர்தான் அவரால் கலையை முழுநேரப் பணியாகக் கொள்ள முடிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைக் கடந்திருந்தது. புகழ்பெற்ற ஓவியர் கபுராகி கியோகாத்தா, மாணவராகத் தொடங்குவதற்கு இவ்வயது மிகுதி எனக் கருதி, முதலில் மேற்கத்திய முறை ஓவியம் பயிலுமாறு அனுப்பிவைத்தார். பின்னர் தம் மாணவராக ஏற்று, ‘ஹசுயி’ என்ற கலைப்பெயரையும் வழங்கினார்.

மேற்கத்திய முறையில் பெற்ற அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. ஒளி எத்திசையிலிருந்து வீழ்கிறது, தொலைவிலுள்ள பொருள் எவ்வாறு மங்குகிறது என்பவற்றை உற்றறியும் பழக்கம் அதனால் அவருக்கு வாய்த்தது. 1918இல் சக மாணவரான இத்தோ ஷின்சுயி பிவா ஏரியின் காட்சிகளை அச்சோவியங்களாக வெளியிட்டிருந்ததைக் கண்டு ஹசுயி பெரிதும் ஈர்க்கப்பட்டார். அவற்றைப் பதிப்பித்த வதனாபே ஷோசபுரோவை அணுகினார். தாம் சிறுவயது முதல் அறிந்த ஷியோபாரா என்னும் மலைப்பகுதியைப் பற்றிய மூன்று அச்சோவியங்களை அவ்வாண்டே அவர் வழியாக வெளியிட்டார். இருவருக்குமிடையே அன்று தொடங்கிய கூட்டுறவு ஹசுயியின் வாழ்நாளின் இறுதிவரை நீடித்தது.

ஏட்டிலிருந்து பலகைக்கு

பயணங்களில் ஹசுயி கையாண்ட கருவிகள் மிகச் சில: சிறிய வரைவேடு, பென்சில், நீர்வண்ணம். பகலில் காட்சியின் முன் நின்று பென்சிலால் வரைவார். இரவில் விடுதி அறையில் அமர்ந்து நினைவு மங்குமுன் வண்ணம் தீட்டுவார். குளிர்காலத்தில் இப்பிரிவினை பெரிதும் பயன்பட்டது எனலாம். உறையும் குளிரில் நீர்வண்ணம் தாளில் உலர மறுக்கும். சில வேளை உறைந்தே போகும். விரல்கள் மரத்துப் போவதால் நெடுநேரம் நிற்கவும் இயலாது. பென்சிலுக்கு நீர் தேவையில்லை. ஆகவே குளிரில் வரைபவர் எது இன்றியமையாதது என்பதைச் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த நெருக்கடி அச்சுக்கலைக்கு நன்மையாகவே அமைந்தது. வெண்பனி நிலத்தின் நுணுக்கங்களை மூடிவிடுகிறது. புல், கல், சேறு, ஓடுகளின் வரிசை யாவும் மறைந்து, பெரிய வெண்பரப்புகளும் அவற்றை அறுக்கும் சில கருங்கோடுகளுமே எஞ்சுகின்றன. மரப்பலகை அச்சும் இவ்விரண்டையே, அதாவது தட்டையான பரப்பையும் உறுதியான கோட்டையும், தன் மொழியாகக் கொண்டது. அச்சுக்கு வேண்டிய சுருக்கத்தின் ஒரு பகுதியை இயற்கையே முன்னதாகச் செய்து வைத்திருக்கிறது.

திரும்பி வந்தபின் பணி பல கைகளுக்கு மாறுகிறது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்த மூலக்கோடுகள் காட்டுச் செர்ரி மரப்பலகையில் ஒட்டப்பட்டு, செதுக்குநரால் செதுக்கப்படும். அதிலிருந்து எடுத்த படிகளில் எந்த வண்ணம் எங்கே வரவேண்டும் என ஓவியர் குறித்துத் தருவார். அதற்கேற்ப வண்ணப் பலகைகள் ஆயத்தமாகும். ஒவ்வொரு பலகையிலும் ‘கெந்தோ’ எனப்படும் இரு வெட்டுக் குறிகள் உண்டு. தாளின் மூலையையும் விளிம்பையும் அக்குறிகளில் பொருத்தி வைத்தால்தான் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமரும். அச்சிடுநர் நீர்வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பலகையில் பரப்பி, கோசோ மரப்பட்டையிலிருந்து செய்யப்பட்ட ஈரத்தாளை அதன்மீது இட்டு, மூங்கில் மடல் சுற்றிய ‘பரென்’ என்னும் வட்டத் தேய்ப்பானால் பின்புறமிருந்து அழுத்தித் தேய்ப்பார். இதில் அச்சு இயந்திரத்துக்கு இடமில்லை. அழுத்தம் முழுவதும் மனிதக் கையினுடையது.

அந்தி வானம் அடர்நீலத்திலிருந்து வெளிறிய சாம்பலாக மாறுவதைக் காட்ட ‘பொகாஷி’ என்னும் முறை கையாளப்படுகிறது. பலகையின் ஒரு பகுதியை ஈரமாக்கி, வண்ணத்தைத் தூரிகையால் படிப்படியாக மெலியச் செய்து அச்சிடுவதே அது. ஒவ்வொரு படிக்கும் இதனைப் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் இரு படிகள் முற்றிலும் ஒன்றாக அமைவது அரிது.

வீழும் பனித்துகள்களைக் காட்டுவதுதான் கடினமான பணி. ஒரு துகள் வெண்மையாக நிற்க வேண்டுமாயின், அவ்விடத்தில் வண்ணமேற்றும் ஒவ்வொரு பலகையிலும் அதே புள்ளியில் மரம் அகற்றப்பட்டிருக்க வேண்டும். ஒரு பலகை சற்றே விலகினாலும் துகள் மறைந்துவிடும். பார்ப்பவருக்கு எளிதில் கிடைத்தது போலத் தோன்றும் வெண்மைதான் அச்சுக்கூடத்தில் அரிதில் காக்கப்படுவது.

நூற்றெண்பத்தெட்டு ஏடுகள்

1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், தோக்கியோ, யோகொஹாமா நகரங்களைக் கொடிய நிலநடுக்கம் உலுக்கியது. உணவு சமைக்கும் வேளையாதலால் எங்கும் தீ மூண்டது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வதனாபேயின் கடையும், அதுவரை செதுக்கப்பட்ட பலகைகளும், இருப்பிலிருந்த அச்சுகளும் எரிந்தன. ஹசுயியின் வீடும் தப்பவில்லை. அதனுடன் அவர் சேர்த்து வைத்திருந்த 188 வரைவேடுகளும் சாம்பலாயின.

இவ்விழப்பின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பலகை எரிந்தால் மீண்டும் செதுக்கலாம். விற்பனையான ஒரு படி எங்கேனும் இருப்பின் அதை வைத்துப் புதிதாகவும் உருவாக்கலாம். வரைவேட்டுக்கு மறுபடி கிடையாது. இன்ன ஊரில், இன்ன மாலையில், இன்ன ஒளியில் கண்டது என்பதற்கு அதுவே ஒரே சான்று. எதிர்காலத்தில் அச்சாக வேண்டிய காட்சிகள் அனைத்தும் அவற்றிலேயே இருந்தன.

மனம் தளர்ந்திருந்த ஓவியரை மீண்டும் பயணத்துக்கு ஊக்கியவர் வதனாபே. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே புறப்பட்ட ஹசுயி, குளிர்காலம் முழுவதும் சுற்றி, 102 நாள்கள் கழித்தே திரும்பினார். அவருடைய வாழ்வின் மிக நீண்ட பயணம் இதுவே. இவ்வழியில் ஜப்பான் கடலை ஒட்டிய மேற்குக் கரையும் அடங்கும். சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்று, மலைகளில் மோதி, அக்கரையில் கடும் மழையாகவும் பனியாகவும் பொழிகிறது. நிலவியல் காரணத்தாலேயே சாம்பல் வானத்துக்குப் பெயர்பெற்ற நிலப்பகுதி அது. 1924 முதல் வெளிவந்த ‘பயண நினைவுகள்’ மூன்றாம் தொகுதியில் மட்சுயே, கினோசாகி முதலிய அக்கரை ஊர்கள் இடம்பெற்றிருப்பது இப்பயணத்தின் பயனாகும்.

நினைவிலிருந்தே பழைய காட்சிகளை மீட்டு வரைந்திருக்க அவரால் இயன்றிருக்கும். பயிற்சி பெற்ற கைக்கு அது அரிதன்று. அவர் அவ்வாறு செய்யாமல் மீண்டும் குளிரில் சென்று நின்றார். தம் கலைக்கு வேர் கைத்திறன் மட்டுமன்று, நேரில் காண்பதும்தான் என்பதை அவர் சொல்லாமல் செயலால் காட்டினார்.

ஷிபாவின் இரு பனிக்காட்சிகள்

1925இல் வெளியான ‘ஷிபா, ஜோஜோஜி’ ஹசுயியின் படைப்புகளுள் மிகப் பெயர்பெற்றது. தாம் பிறந்த பகுதியிலேயே அமைந்த பௌத்தக் கோயிலின் செந்நிற வாயில். அதன் முன்னே காற்றால் சாய்ந்தடிக்கும் பனி. குடையை முன்னே சரித்து அதை எதிர்த்து நடக்கும் ஒரு பெண். நகரம் எரிந்து இரண்டாண்டுகளே கழிந்த நிலையில், எஞ்சி நின்ற அப்பழைய வாயிலை மக்கள் எத்தகைய உணர்வோடு நோக்கியிருப்பர் என்பதை நாம் உணரலாம்.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின், இரண்டாம் உலகப் போரில் நகரம் மறுமுறை எரிந்ததன் பின்னர், ஜப்பானிய அரசின் பண்பாட்டுக் காப்புக் குழு மரப்பலகை அச்சுத் தொழில்நுட்பத்தைப் பதிவு செய்ய விழைந்தது. அதற்கென ஓர் அச்சோவியத்தை உருவாக்கும் பொறுப்பு ஹசுயியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேர்ந்தது மீண்டும் அதே வாயிலையே. 1953இல் நிறைவுற்ற ‘ஜோஜோஜியில் பனி’யில் காற்று அடங்கியிருக்கிறது, குடை பிடித்தவர்கள் டிராம் வண்டிக்காகக் காத்து நிற்கின்றனர்.

செதுக்காதவர் அச்சுக்கலைஞரா?

ஹசுயியின் காலத்திலேயே வேறொரு கொள்கையும் வலுப்பெற்றிருந்தது. கலைஞர் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட வேண்டும் என்பது ‘சோசாகு-ஹங்கா’ எனும் படைப்பாக்க அச்சு இயக்கத்தாரின் கோட்பாடு. யமமோட்டோ கனாயே 1904இல் வெளியிட்ட மீனவர் அச்சோவியம் அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவ்வளவுகோலின்படி, பிறர் கையால் செதுக்கி அச்சிடப்பட்ட ஹசுயியின் படைப்புகள் ஒரு பதிப்பகத்தின் விளைபொருள்களே. அவை பழைய ஜப்பானை மேலைநாட்டு வாங்குவோருக்கு அழகுபடுத்திக் காட்டின என்ற குற்றச்சாட்டும் உண்டு.

இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வதனாபே தேர்ந்த வணிகர். அயல்நாட்டுச் சந்தையை அவர் நன்கறிந்தவர். 1930இல் அமெரிக்காவின் டொலீடோ கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சி இவ்வகை அச்சுகளுக்கு அங்கே பெரும் வரவேற்பைத் தேடித்தந்தது. எனினும் படைப்புரிமையை உளிப்பிடியில் மட்டும் தேடுவது முழுமையாகாது. செதுக்குநர் அந்தப் பனியைக் கண்டவரல்லர், அச்சிடுநரும் கண்டவரல்லர். எந்த நீலம் சரியானது, எந்தச் சாம்பல் மிகையானது என்று சொல்லும் தகுதி, குளிரில் அங்கு நின்றவருக்கே உரியது. மூவர் திறனையும் ஒரு மாலைப் பொழுதின் உண்மைக்குக் கட்டுப்படுத்தியது அவருடைய சிறிய வரைவேடுதான்.

இறுதிப் பனி

ஹசுயி கடைசியாகப் பணியாற்றியது வட ஜப்பானின் ஹிராயிசுமியில் உள்ள பொன்மண்டபத்தைப் பற்றிய அச்சோவியம். 1124இல் எழுப்பப்பட்ட அம்மண்டபத்தை அவர் 1935இலும் நிலவொளியில் ஆளரவமற்ற காட்சியாக வெளியிட்டிருந்தார். 1957ஆம் ஆண்டின் வடிவில் எங்கும் வெண்பனி. படிகளில் தனியே ஏறிச் செல்லும் ஒரு துறவி. அவ்வாண்டு நோயுற்று அவர் மறைந்தபோது அச்சு முற்றுப்பெறவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து செதுக்குநரும் அச்சிடுநரும் பணியை முடித்தனர். அவர் மறைந்த நூறாம் நாள் நினைவுக் கூட்டத்தில் உற்றார்க்கும் நண்பர்க்கும் வதனாபே அதன் படிகளை வழங்கினார்.

பிறர் கையால் நிறைவு பெற்றதாயினும் அதனை ஹசுயியின் படைப்பு என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. அதிலுள்ள பனிக்கும் வண்ணம் இல்லை. எங்கே அச்சிடாமல் விட வேண்டும் என்பதை அவர் முன்னரே அவர்களுக்குக் காட்டியிருந்தார்.