எழுத்து நிற்கும், அமைப்பு மறையும்
கணினி ஆவணங்களை வேறு வடிவில் சேமிக்கும் சங்கங்களின் கவனத்திற்கு

இந்நாளில் கூட்டுறவுச் சங்கங்களின் அலுவல் பெரும்பாலும் கணினியின் வாயிலாகவே நடைபெறுகின்றது. பேரவைக் கூட்ட அறிவிப்பு, துணைவிதித் திருத்தம், கடன் நிலுவைப் பட்டியல், உர விளக்கக் குறிப்பு ஆகிய யாவும் சொற்செயலியில் தட்டச்சாகி, வெளியிடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. பெறுவோரின் வசதிக்கென ஆவணத்தை வேறொரு கோப்பு வடிவில் சேமித்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சேமிக்கும்பொழுது, சில அமைப்புகள் அழிந்துபோகக்கூடும் என்று கணினி எச்சரிக்கின்றது. பலர் அதனைப் படியாமலே இசைவு தந்துவிடுகின்றனர். அழகு குறைந்தால் குறையட்டும், எழுத்து இருந்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைச் சரியானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஓர் ஆவணத்தில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று எழுத்து. மற்றொன்று, அவ்வெழுத்து எவ்வாறு தோன்றவேண்டும் என்னும் கட்டளை. நெசவாளர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. நூல் வேறு, புட்டாவை எழுப்பும் ஜக்கார்டு அட்டை வேறு. அட்டையை அகற்றிய பின்னும் துணி நெய்யலாம். ஆனால் புட்டா விழாது. 240 கொக்கிக்கென அடித்த அட்டை 120 கொக்கிப் பெட்டிக்குப் பொருந்துவதும் இல்லை. கோப்பு வடிவங்களின் நிலையும் இதுவே.

வேர்டு செயலி 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் டாக்-எக்ஸ் என்னும் வடிவில் சேமிக்கின்றது. லிப்ரே ஆபிஸ் செயலிக்கு உரியது ஓ.டி.டி. வடிவம். பின்னதை 2006-இலும் முன்னதை 2008-இலும் பன்னாட்டுத் தர அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்பொழுது பெரும்பாலான கட்டளைகள் உடன் செல்லும். எனினும், பெறுவோர் கணினியில் அதே எழுத்துரு இல்லையாயின் வேறோர் எழுத்துரு வந்து அமரும், எழுத்தின் அகலம் மாறும், வரி நகரும், பக்கம் புரளும். 1987-இல் தோன்றிய ஆர்.டி.எஃப். வடிவம் பழைய செயலிகளுக்கும் ஏற்றது; ஆயின் புதிய வசதிகள் அனைத்தையும் அது ஏற்றுச் செல்லாது. வெற்று உரை வடிவமோ எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டளைகள் யாவற்றையும் களைந்துவிடும்.

களையப்படுவது வெறும் அலங்காரமாயின் கவலை இல்லை. பொருளே அமைப்பில் தங்கியிருக்குமாயின் விளைவு யாது? மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

துணைவிதித் திருத்தம் மூன்று பத்திகளில் எழுதப்படுவது வழக்கம்: தற்போதுள்ள விதி, உத்தேசத் திருத்தம், திருத்தத்திற்கான காரணம். வெற்று உரையில் கட்டங்கள் மறைந்து வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எது பழைய விதி, எது புதிய விதி என்று படிப்பவர் மயங்க நேரிடும்.

வரைவுத் தீர்மானம் ஒன்றில் நிர்வாகக் குழு வேண்டாம் என நீக்கிய சொற்களின்மேல் குறுக்குக்கோடு இடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கோடு என்பது அமைப்பு; அது போய்விடும். சொற்கள் எழுத்து, அவை தங்கிவிடும். குழு நீக்கிய வாசகம் நீக்கப்படாத வாசகமாக உயிர்பெற்று எழும்.

மூன்றாவது, உழவர்கட்கு உரியது. உயிர் உரக் குறிப்பில், கிராம் ஒன்றுக்கு 5 × 10⁷ நுண்ணுயிர்கள் என்றிருக்கும். அதன் மதிப்பு ஐந்து கோடி. அந்த 7 என்னும் இலக்கத்தைச் சொற்செயலியின் அமைப்புக் கட்டளையால் மேலே உயர்த்தியிருந்தால், வெற்று உரையில் அது கீழிறங்கி 5 × 107 என நிற்கும். அதன் மதிப்பு 535 மட்டுமே! ஓர் எழுத்தும் குறையவில்லை. பொருளோ முற்றிலும் கெட்டது.

நிற்க. தமிழ் ஆவணங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே அக்கோப்புகளில் தமிழைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு என்னும் அமைப்பு ஒன்றே. வெற்று உரையாகச் சேமித்த மாத்திரத்தில் எழுத்துருவின் பெயர் நீங்கிவிடும். திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து நிற்கும். எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்பது தெரிந்தால், மாற்றிச் செயலியைக் கொண்டு மீட்டுவிடலாம். தெரியாவிடில் தொல்லையே.

1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் தரப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோட்டை ஏற்றது. யூனிகோட்டில் தட்டச்சு செய்த தமிழ், எழுத்துரு மாறினும் தமிழாகவே நிற்கும். எனினும் ஓர் எச்சரிக்கை: வெற்று உரையாகச் சேமிக்கும்பொழுது, குறியேற்றம் என்னும் இடத்தில் யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிவிடும். பாமினிக் குழப்பத்தையாவது மீட்கலாம். கேள்விக்குறியான எழுத்தை அக்கோப்பிலிருந்து எவராலும் மீட்க இயலாது.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் கடினமானவை அல்ல.

முதலாவது, மூலக் கோப்பை அதன் சொந்த வடிவிலேயே பத்திரப்படுத்துக. பிற வடிவங்கள் யாவும் வேறு பெயரிட்ட நகல்களாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, படிப்பதற்கு மட்டும் அனுப்புவதாயின் பி.டி.எஃப். வடிவைக் கொள்க. எழுத்துருவையும் உட்பொதித்துச் செல்வதால் பக்கம் உள்ளபடியே தோன்றும். திருத்துவதற்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, பொருளை அமைப்பின்மேல் மட்டும் ஏற்றாதீர்கள். நீக்கிய சொற்களைக் கோடிட்டு விடாமல் நீக்கியே விடுக. தவணை தவறியோரைச் சிவப்பு நிறத்தால் காட்டுவதோடு, 'தவணை தவறியவர்' என்று எழுத்தாலும் குறித்திடுக. ஐந்து கோடி என்பதை எழுத்தாலும் எழுதுக.

நான்காவது, நகலை அனுப்புமுன் ஒருமுறை திறந்து மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். பழைய கோப்புகளாயின், எழுத்துருவின் பெயரையும் உடன் எழுதி அனுப்பவும்.

சங்கத்தின் ஏடுகள் அங்கத்தினர் அனைவரின் உடைமை. ஒரு சொல் புரண்டால் ஒருவரது கடனோ உரிமையோ புரளக்கூடும். தறியிலிருந்து துணியை இறக்குமுன் விரித்து நோக்கிக் குறை காணும் நெசவாளியின் பழக்கம், சங்கத்தின் எழுத்து மேசைக்கும் வந்து சேர்தல் வேண்டும்.