குனிந்து பார்த்து வாங்க வேண்டிய வண்டி

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு வீட்டில் புது வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால் தெருவே ஆலோசனை சொல்லும். சன்ரூஃப் இருக்கிறதா, ஸ்கிரீன் எத்தனை இன்ச், பின் சீட்டில் மூன்று பேர் முட்டிக்கொள்ளாமல் உட்காரலாமா, மைலேஜ் என்ன தரும் என்று பேச்சு போகும். ஷோரூமில் கதவை இரண்டு முறை திறந்து மூடி, அந்த ‘டப்’ சத்தத்தில் மனம் நிறைவார்கள். பிள்ளைகள் டிக்கியில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, வண்டிக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பவர் அபூர்வம். தூத்துக்குடி போன்ற ஊரில் வண்டியின் ஆயுசு எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில், எது எஸ்யூவி? மலையேறும் முரட்டு வண்டி என்பது விளம்பரத்தின் பதில். வரிச் சட்டம் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருகிறது: நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், என்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், காலியாக நிற்கும்போது தரையிலிருந்து அடிப்பாகம் வரை குறைந்தது 170 மி.மீ. இடைவெளி. இந்த மூன்றும் சேர்ந்ததையே ஜிஎஸ்டி கவுன்சில் தனி வகையாகக் கணக்கிட்டு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஜிஎஸ்டிக்கு மேல் வாங்கிய செஸ் போய்விட்டது. பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம், நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய என்ஜின் வண்டிகளுக்கு 18, மின்சார வண்டிகளுக்கு 5. நெக்ஸான், வென்யூ இரண்டும் சொல்லிவைத்தாற்போல் 3,995 மி.மீ. நீளத்தில் நிற்பதன் ரகசியம் இதுதான். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு கூடினால் வரி எங்கேயோ போய்விடும்.

அந்த 170 மி.மீ. தரை இடைவெளியைக் காலி வண்டியில்தான் அளக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து பேரும் பலகாரத் தூக்குகளும் பெட்டிகளுமாகத் திருச்செந்தூர் கிளம்பினால் ஸ்பிரிங் அமுங்கி அதில் சில சென்டிமீட்டர் காணாமல் போகும்.

இனி உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடிக் கரையில். உப்பளங்களை ஒட்டிய சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தப் பெருமை செலவு வைக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று ஏந்திக்கொண்டு வருகிறது. அதில் பெரும்பகுதி கரையோரத்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள் படிந்துவிடும். மில்லர்புரம் சற்று உள்ளே தள்ளி இருப்பதால் கடற்கரைச் சாலை வீடுகளைவிட நிலைமை தேவலை. ஆனால் வண்டி மில்லர்புரத்திலேயே நிற்கப் போவதில்லையே. துறைமுகச் சாலையிலும் உப்பு லாரிகளுக்குப் பின்னாலும் போய், அடிவயிற்றில் ஒரு படலத்தை ஒட்டிக்கொண்டு வீடு திரும்பும்.

அந்தப் படலம் காய்ந்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பது தவறு. அது சுலபத்தில் காய்வதில்லை. சமையலறை ஜாடியில் கல் உப்பு நசநசத்துக் கிடப்பதற்கு அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடும் ஒரு காரணம். அளத்தில் உப்பை வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் அது நிறைய உண்டு. சுத்தமான சோடியம் குளோரைடு தானாக நீர் கோத்துக்கொள்ளக் காற்றில் 75 சதவீத அளவு ஈரப்பதம் வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலுப்பில் இரண்டும் இருக்கின்றன. மழையே பெய்யாத சித்திரையிலும் வண்டியின் அடித்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்துகொண்டே இருக்கும் என்று பொருள்.

அந்த ஈரம் ஒரு குட்டி பேட்டரி. இரும்பின் ஓரிடம் எலெக்ட்ரானை விட்டுக் கரைகிறது. வேறோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. வெறும் மழைநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் இந்தக் கொடுக்கல் வாங்கல் மெதுவாக நடக்கும். உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். போதாததற்கு, உலோகத்தின் மேல் இயற்கையாக உண்டாகும் காப்புப் படலத்தையும் குளோரைடு அரித்துத் துளைக்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல்சார் அரிப்பை ஆராய ஒரு மையத்தைத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் வைத்திருப்பது தற்செயல் அல்ல.

கப்பல்காரர்கள் இதற்கு ஒரு பலியாட்டை வைத்திருக்கிறார்கள். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவிடுவார்கள். இரும்பைவிடத் துத்தநாகம் எலெக்ட்ரானை முந்திக்கொண்டு கொடுக்கும். கட்டி கரையக் கரைய இரும்பு பிழைக்கும். காரில் அப்படி ஒரு கட்டியை மாட்டிப் பயனில்லை. கப்பலைச் சுற்றிலும் கடல்நீர் இருப்பதால் சுற்று முழுமையாகிறது; காரைச் சுற்றி இருப்பது காற்று. அதனால் தகட்டின் மேலேயே துத்தநாகத்தைப் பூசிவிடுகிறார்கள். பூச்சில் கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுக்கும். ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தெந்தத் தகடுகள் துத்தநாகப் பூச்சுள்ளவை, துருப்பிடித்துத் துளை விழுந்தால் எத்தனை ஆண்டு வாரண்டி? விற்பனையாளர் சன்ரூஃப் பக்கம் பேச்சைத் திருப்பினால் விடக்கூடாது.

கேட்காமலே அவர் விற்கப் பார்ப்பது, அடிப்பாகத்தில் பூசும் ‘அண்டர்பாடி கோட்டிங்’. நன்றாக அடித்தால் நல்லதுதான். அவசரத்தில், கழுவாத தகட்டின் மேல் அடித்தாலோ, கதவின் கீழ் விளிம்பிலும் அதற்கு அடியிலுள்ள சட்டத்திலும் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளை அடைத்துவிட்டாலோ, உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

உப்புக்கு அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ‘இனி உயரமான வண்டிதான்’ என்று பல வீடுகளில் முடிவு பிறந்திருக்கும். உயரம் உதவும், ஓர் எல்லை வரை. 1,500 கிலோ எடையும் ஆறரை சதுர மீட்டர் அடிப்பரப்பும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். தரைத்தகட்டுக்கு மேல் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், அது வண்டியை ஏறக்குறைய 650 கிலோ விசையோடு மேலே தூக்கும். 23 சென்டிமீட்டரில் மொத்த எடையும் தீர்ந்துவிடும். தரை இடைவெளி 19 சென்டிமீட்டரையும் கூட்டினால் 42. முழங்கால் அளவுத் தண்ணீர்! உள்ளே நீர் புகுந்தால் மிதப்பது தள்ளிப்போகும். ஆனால் டயரின் பிடிமானம் அதற்கு முன்பே தளர்ந்திருக்கும்.

என்ஜினின் கதை இதைவிடச் சுருக்கமானது. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 40 மில்லி அளவுதான். டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் பாதிகூட வராது. காற்றுக் குழாய் வழியே அவ்வளவு தண்ணீர் நுழைந்தால் போதும். காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது அதனால்தான். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத சாதாரண காப்பீடு இந்தச் செலவைப் பொதுவாக ஏற்பதும் இல்லை.

மின்சார வண்டிக்கு இந்த ஆபத்து கிடையாது. அது காற்றை உறிஞ்சுவதே இல்லை. இந்த ஊரில் இனி அதை ஒதுக்கிவைத்துப் பேசவும் முடியாது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சில்லாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கரில் கட்டிய ஆலையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்துவைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்பது திட்டம். அங்கே உருவாகும் விஎஃப்6, விஎஃப்7 இரண்டுமே எஸ்யூவிகள். அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்த தொடக்க விலை, முறையே 16.49 லட்சமும் 20.89 லட்சமும்.

இத்தகைய வண்டிகளில் சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி தரைத்தகட்டுக்கு அடியில் படுத்திருக்கிறது. சரக்கில் கனமானதை அடியில் ஏற்று என்பது தோணிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண், வண்டி எவ்வளவு சுலபத்தில் கவிழும் என்று காட்டும்; எண் கூடினால் கவிழும் வாய்ப்பு குறைவு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் சாதாரணக் கார்களுக்கு அது 1.30 முதல் 1.50, எஸ்யூவிகளுக்கு 1.00 முதல் 1.30. அடியில் பேட்டரி இருந்தால் எண் கூடும், கூரை கேரியரில் மூட்டைகளைக் கட்டினால் குறையும்.

பேட்டரிப் பெட்டிக்குப் பொதுவாகத் தரும் ஐபி67 என்ற குறிக்கு, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. 2022 செப்டம்பரில் இயான் புயல் ஃபுளோரிடாவில் கடல்நீரை ஊருக்குள் தள்ளியபோது, மூழ்கிய மின்சார வண்டிகளில் சில, தண்ணீர் வடிந்த பின்னர் தீப்பிடித்தன. உப்பளத்துக்குள் புகுந்து வெளியேறும் வெள்ளம் உள்ள ஊரில் இதையும் கேட்டுவைப்பது நல்லது.

எந்த வண்டியானாலும் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் உப்பு சேராது. ஆனால் இங்கே பல வீட்டு போர் தண்ணீரே கரிக்கும். சந்தேகம் இருந்தால் எவர்சில்வர் தட்டில் அரை டம்ளர் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பார்க்கலாம். மாலையில் தட்டில் எவ்வளவு வெள்ளை தங்கியிருக்கிறதோ, அந்தத் தண்ணீரில் கழுவும் ஒவ்வொரு முறையும் வண்டியடியில் தங்குவதும் அதுதான்.