இராயபுரத்துக் கேக்குப் போட்டி

1856ஆம் ஆண்டில் இராயபுரம் புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றபின், அவ்வேலையில் அமர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அப்பகுதியிற் குடியேறின. கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குங்கால், எவ்வீட்டுக் கேக்கு இனியது என்னும் நட்புப் போட்டி அன்னாரிடை எழும். உலர்ந்த பழங்களை வாரக்கணக்காக ரம்மில் ஊறவைத்து, வீட்டிற் கலந்த மாவைத் தட்டுக்களில் நிரப்பி, ரொட்டிக் கிடங்கிற்கு அனுப்பிச் சுட்டுவாங்குதல் வழக்கம்.

அடுப்பு ஒன்றே, பண்டங்களும் ஒன்றே, சுவை மட்டும் வேறுபடுவதேன்? வெண்ணெயையும் சர்க்கரையையும் நெடுநேரம் குழைத்தால் நுண்ணிய காற்றுக்குமிழிகள் உள்ளே தங்கும். வெம்மையில் அவை விரிதலால் கேக்கு மென்மையுறும். சர்க்கரையைக் கருக்கும் பதமே நிறத்தையும் மணத்தையும் தரும். ஆதலின் வெற்றி பொருளிலன்று, கையின் பொறுமையிலேயே உளது.

முடிவில் வீட்டுக்கு வீடு தட்டுக்கள் மாறும். தோற்றவரும் சுவைக்கப்பெறும் இத்தகைய போட்டியையே நாம் விரும்புகின்றோம்.